நட்சத்திரங்களுக்கு நடுவே ஃபார்மலின்

பிரியமுள்ள தம்பி அமலுக்கு,

நீ திருச்சியில் விமானம் ஏறியதிலிருந்து நாம் போனில் பேசிக்கொள்வதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். "சாப்பிட்டீங்களாப்பா?" என்கிறாய். "ஆச்சு, நீ?" என்கிறேன். அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறோம். பேச வேண்டியதைப் பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே விழுவாய், எனக்கும் குரல் ஏறிவிடும், கடைசியில் சிக்னல் சரியில்லை என்று யாராவது ஒருவர் பொய் சொல்லி வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. நான் முடிக்கும் வரை நீ வாயைத் திறக்க முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செத்த பிறகு என் உடலை, நான் காலமெல்லாம் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியின் அனாடமி பிரிவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. மாணவர்கள் அறுத்துப் படிக்கட்டும். நீ முடியாது என்கிறாய். நான் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதும் என்றால் உன்னைத் தொந்தரவு செய்திருக்கவே மாட்டேன். ஆனால் மூச்சு நின்ற பிறகு இந்த உடம்பு என் பேச்சைக் கேட்காது, வாரிசு சொல்வதைத்தான் கேட்கும். வீட்டுக்காரர்கள் மறுத்தால் கல்லூரியில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். எனக்கு வாரிசு நீ ஒருவன்தான். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் சிரித்துக்கொண்டேதான் பேசுகிறார், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் மாத்திரை கூடிக்கொண்டு போகிறது. தள்ளிப்போட எனக்கு நேரமில்லை.

அன்றைக்கு நடந்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். அம்மாவுடைய வருஷ நினைவுப் பூசை முடிந்து நாம் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. நன்னிலம் பக்கத்துக் களிமண் உன் ஷூவைக் கவ்விக்கொண்டு விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சம்பா இடுப்பளவு நின்றது. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நீ மெழுகுவத்தி ஏற்றினாய். சுடர் நிற்கும் வரை பொறுத்திருந்து நான் சொன்னேன், "தம்பி, எனக்கு இங்க எடம் வேண்டாம்ப்பா. நான் எங்க காலேஜுக்கே போயிடறேன்." உனக்குப் புரியவில்லை. "ரிட்டயர் ஆனவங்கள மறுபடி எடுத்துக்கறாங்களா? இந்த வயசுல எதுக்குப்பா வேலை?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது. நான் சிரித்ததால்தான் விளக்கிச் சொன்னபோது உனக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று நினைக்கிறேன்.

"அம்மாவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாய். அதுவரை எனக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவக் கொண்டாந்து எம் பக்கத்துல வச்சிருப்பா. எனக்கு ஒத்தையில படுத்துப் பழக்கமில்ல" என்று கேட்டிருக்கிறாள். நீ சரி என்றிருக்கிறாய். இதைக் கேட்டதும் நான் அவள் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வானத்து ரசாயனம் படிக்கிற நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததையே எடுத்து உன்மேல் வீசினேன். எல்லா உடம்பும் நட்சத்திரத்தில் வெந்த சாமான்தானே, எங்கே கிடந்தால் என்ன என்றேன். நீ குடையைக் கீழே போட்டுவிட்டாய். "எனக்கே அதச் சொல்லாதீங்கப்பா. அணு எங்க போகும், என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நீங்க இங்க இல்லன்னா லீவுல வந்து நான் எங்க போய் நிக்கறது? அதுக்குப் பதில் சொல்லுங்க." நான் குனிந்து குடையை எடுத்தேன். ஏர்போர்ட் வரை காரில் டிரைவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது டீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்களாம். நீ எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா மெடிக்கல் காலேஜ்ல பாடம் பண்றாங்க" என்றாயாம். வீட்டில் அந்த வார்த்தைதான் புழங்கியது. பிணம் என்று சொன்னால் நீ பயப்படுவாய் என்று, "அப்பா பாடம் பண்ணப் போயிருக்காங்க" என்றே சொல்லி அம்மா உன்னை வளர்த்திருந்தாள். உடல் அழுகாமல் மருந்து ஏற்றி வைப்பதற்கு அதுதான் பேர், புகையிலையையும் தோலையும் சொல்வது போல. டீச்சருக்கு அது எப்படித் தெரியும்? கல்லூரியில் பாடம் நடத்துகிற புரொபசர் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனால் எனக்கு நாற்காலி. ஆண்டு விழாவில் மாலை போட்டு மேடையில் உட்கார வைத்து, "பசங்களுக்கு உடம்பு பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்" என்று மைக்கை நீட்டிவிட்டார்கள். பல் விளக்குங்கள், நகம் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கீழே அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். மறு வருஷம் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனை அவனுடைய அம்மா வந்து இடம் மாற்றச் சொன்னாள். நீ வீட்டுக்கு வந்ததும் கொடியில் கிடந்த என் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாய். பிறகு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாய்.

அந்த வாசனைக்கு நம் வீட்டில் தனிச் சட்டமே இருந்தது. வேலை முடிந்து வந்தால் நான் வாசல் வழியாக வரக் கூடாது. கொல்லைப்பக்கக் குழாயடியில் குளித்து, துணியை வாளியில் முக்கிவிட்டுத்தான் உள்ளே வரலாம். பாடம் பண்ணுகிற மருந்தான ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், சோப்புக்கு மசியாது. சோற்றைப் பிசைந்தால் விரலில் இருந்து வரும். அம்மா அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. "நான் சாதம் பிசைஞ்சு வைக்கறேன், நீங்க கரண்டியாலயே சாப்புடுங்க" என்று கிண்டல்தான் செய்வாள். அவளுக்கு அந்த வாசனை பிடிக்கவே பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். பிடிக்காத ஒன்றோடு கடைசி வரை சிரித்துக்கொண்டே படுத்தெழுந்தாள். நீ கல்யாணம் செய்துகொள்ளும்போது உன்னிடம் இருந்தும் ஏதாவது ஒரு வாசனை வரத்தான் செய்யும். வருகிறவள் அதைப் பொறுத்துக்கொண்டால், அது அவளுடைய குணம் என்று நினை, உன் வாசனை நல்லது என்று நினைத்துவிடாதே.

இப்போது எங்கள் அனாடமி மேசைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை உன்னிடம் நான் பேசியதே இல்லை. அந்தக் காலத்தில் எங்களுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் யாரும் கேட்டு வராதவர்கள். ரயில்வே ஸ்டேஷனில் கிடந்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர்கள், ஆஸ்பத்திரி வார்டில் பெயர் சொல்லாமலே கண்ணை மூடியவர்கள். உறவு யாராவது வருகிறார்களா என்று போலீஸும் ஆஸ்பத்திரியும் காத்திருந்து பார்ப்பார்கள். யாரும் வராவிட்டால் எங்களிடம் அனுப்புவார்கள். ஒரு பெரியவர் வந்தார். ஒல்லியான உடம்பு, உழுத காய்ப்பு உள்ளங்கையில் அப்படியே இருந்தது. இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தார், 'அஞ்சலை' என்று. ஊசியை ஏற்றிவிட்டு மருந்து இறங்கும் வரை அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அஞ்சலை எங்கே படுத்திருக்கிறாளோ, அவளும் இவரை எதிர்பார்த்திருப்பாளோ, அவள் பக்கத்திலும் ஓர் இடம் சும்மா கிடக்குமோ என்று ஓடியது. அவரை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. நாங்களும் அவரைக் கேட்கவில்லை. அந்தக் கையில்தான் ஒரு வகுப்புப் பிள்ளைகள் நரம்பையும் ரத்தக்குழாயையும் பிரித்துப் படித்தார்கள். இன்றைக்கு எந்தெந்த ஊரிலோ உயிர் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். நல்லதுதான். ஆனாலும் கேட்காமல் எடுத்துக்கொண்டது எடுத்துக்கொண்டதுதானே. காலமெல்லாம் அடுத்தவர் உடம்பை வாங்கி வைத்துவிட்டு, என் உடம்பு என்று வரும்போது மட்டும் பெட்டி செய்து, பூ வைத்து, பெண்டாட்டி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது அமல். என் ஆசைக்குக் காரணம் இது ஒன்றுதான். தியாகம் கியாகம் என்றெல்லாம் நினைக்காதே.

தானாகவே கொடுத்தவர்கள் பிற்பாடுதான் வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவர்களில் நான் கையால் வாங்கிய முதல் ஆள் சீர்காழிப் பக்கத்து ரிட்டயர்டு டீச்சர் அம்மா. உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டார். மகன் கொண்டுவந்தான், உன் இப்போதைய வயதுதான் இருக்கும். எங்கள் கதவு வரை வந்தவன், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான், "உள்ள ரொம்பக் குளிருமாங்க? அம்மாவுக்குக் குளிர் ஆகாது." எனக்குப் பதில் தெரியும். இறந்த உடம்புக்குக் குளிர் ஏது என்று சொல்லியிருக்கலாம். "குளிராதுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த வருஷம் அதே நாளில் கேட் பக்கம் வந்து நின்றான். உள்ளே விட வழியில்லை. நான் வெளியே போனேன். "அம்மா நல்லாப் பாடம் எடுத்துக்கிட்டிருக்காங்க தம்பி. பசங்கல்லாம் கவனிக்கறாங்க" என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அப்புறம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான். வருஷா வருஷம் வந்தான். நான் ஓய்வு பெறும் வரை நாங்கள் அந்த டீக்கடையில் நின்றிருக்கிறோம்.

உன் படிப்பு பெரிய படிப்பு. துக்கத்தில் இருக்கிறவர்கள் உன்னிடம் எதையாவது கேட்பார்கள். எது உண்மையோ அதைச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதே. குளிருமா என்று கேட்டால் குளிராது என்று சொல். இதை உனக்குச் சொல்கிற எனக்கே அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு அது மறந்துபோனது. ஐப்பசி அடைமழை கார்த்திகையிலும் விடாமல் பெய்த வருஷம் அது. குழி வெட்ட வெட்டப் பக்கத்து வாய்க்கால் ஊறிக்கொண்டே இருந்தது. ஆட்கள் வாளியால் இறைத்தார்கள், மறுபடியும் ஊறியது. தண்ணீரிலா அம்மாவை வைப்பது என்று நீ துடித்தாய். நான், "காவேரித் தண்ணிதானே, அவ குடிச்சு வளந்ததுதானே" என்றேன். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, உனக்கு இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் உன்னோடு சேர்ந்து ஒரு வாளியைக் கையில் எடுத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்கு ஆச்சரியமான ஒன்று இருக்கிறது, அதைத்தான் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். முதுகலை படிக்கும்போது ஒரு நாள் போன் செய்து, மூச்சு வாங்க, "அப்பா, நட்சத்திரங்களுக்கு நடுவுல என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாய். தேவதூதர்கள் என்றேன். "உங்க ஃபார்மலின் இருக்குப்பா!" என்று கத்தினாய். "அங்கயும் பொணமா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு பொறுமையாகச் சொன்னாய். நட்சத்திரங்களுக்கு நடுவே மேகம் மாதிரி தூசியும் வாயுவும் பரவிக் கிடக்கிறது, அங்கே நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத குளிர், தூசியின் மேல் உறைபனி படிகிறது, கரிப்புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு அந்தப் பனியில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்கிறது, இரண்டு சேர்ந்தால் அது ஃபார்மால்டிஹைடு, என் டிரம்மில் தண்ணீரில் கரைந்து கிடப்பதும் அதுவேதான், இன்னும் இரண்டு சேர்ந்தால் கள்ளச்சாராயத்தில் கலந்து கண்ணைப் பறிக்கிற மெத்தனால். இது போதாதென்று சயனைடு வகையும் அங்கே இருக்கிறது என்றாய். இந்தச் சாமான்கள் சேர்ந்துதான், அல்லது இவை மாதிரியானவை சேர்ந்துதான், வால்நட்சத்திரத்திலும் விண்கல்லிலும் ஏறி இந்தப் பூமிக்கு வந்து உயிருக்கு மூலப்பொருள் ஆகியிருக்கலாம் என்றாய். "எல்லாம் விஷமா இருக்கேப்பா. உயிர் தொடங்கற எடத்துல விஷத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். நீ சொன்னதை நான் மறக்கவே இல்லை. "ஏற்கனவே உயிரோட இருக்கறவங்களுக்குத்தான்பா விஷம். யாருமே இல்லாத எடத்துல அது யாருக்கு விஷம்?"

அந்த லீவில் நீ வீட்டுக்கு வந்தபோது கெமிக்கல் கடையில் ஒரு சின்ன பாட்டில் ஃபார்மலின் வாங்கி வந்தாய். பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கொல்லையில் செங்கல் அடுப்பில் வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து இரண்டையும் கலந்து சூடு காட்டினோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. உனக்கு நான் விசிறிக்கொண்டிருந்தேன். திடீரென்று மஞ்சளாயிற்று, கண் எதிரே பழுப்பாயிற்று. வாசனை மாறியது. உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள், "யாருங்க வெல்லப்பாகு காய்ச்சறது? என்னைக் கூப்புடாம அப்பனும் மவனும் என்ன பண்றீங்க?" வெளியே வந்து பாட்டிலைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் வெறுத்த அதே மருந்து, பாகாக மணக்கிறது. "திங்கலாமா?" என்று கேட்டாள். "ஐயோ வேண்டாம்மா, இன்னும் விஷம் மிச்சம் இருக்கும். ஆனா இதுல விதவிதமா சக்கரை வந்திருக்கு. நம்ம ரத்தத்துல மரபணு இருக்கு பாரு, அதுல இருக்கற சக்கரை மாதிரிகூட கொஞ்சூண்டு இருக்கலாம். ஆனா அது நிக்காது, சீக்கிரம் கெட்டுரும்" என்றாய். "அப்ப கடவுள் இப்படித்தான் பண்ணினாரா?" "எப்படின்னு யாருக்கும் தெரியலம்மா. சாமான் எல்லாம் இருந்துச்சு, சில வழியும் இருக்கு. அதுக்கு எப்ப உயிர் வந்துச்சுன்னு தெரியல." அம்மா யோசித்தாள். "வழி போட்டவரு அதுல நடக்காமயா இருந்திருப்பாரு?" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, அது எப்படி ஒரே மருந்து செத்ததைக் கெடாமல் வைக்கிறது, சர்க்கரையாகவும் ஆகிறது என்று கேட்டேன். "அதுக்கு ஒட்டற குணம்பா. எது பக்கத்துல இருந்தாலும் போய்க் கையக் கோத்துக்கும். செத்த உடம்புல சதையோட சதையக் கோத்து விட்டுரும், அதான் அழுகறதில்ல. யாரும் இல்லாத எடத்துல தன்னோட தானே கோத்துக்கும், அதான் சக்கரை" என்றாய். நான் காலமெல்லாம் முடிவு என்று நினைத்துப் புழங்கிய பொருள் ஆரம்பமாகவும் இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, ஓய்வு பெற இருந்த மிச்சக் காலத்தில் டிரம்மைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மரியாதை வந்துவிட்டது. எரிச்சலில் கண்ணீர் வரும், துடைத்துக்கொள்வேன். வருஷத்துக்கு ஒரு தடவை திருநீற்றுப் புதனில் சாமியார் நெற்றியில் சாம்பல் இட்டு நான் மண் என்று நினைவுபடுத்தும்போது, சரி சாமி, எந்த மண் என்று என் பையனுக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தற்பெருமைதான். பூசையில் இருந்துகொண்டு தற்பெருமை பட்டதற்குத் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன்.

நம் பங்குச் சாமியாரிடம் இந்த உடல் விஷயத்தைக் கேட்டேன். சபை தடுக்கவில்லை என்றார். "சட்டமும் ஒத்துக்குது, திருச்சபையும் ஒத்துக்குது. உங்க பையன்தான் ஒத்துக்கலையா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விசுவாசி நான், சாகிற உடம்பை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகச் சொல்கிறேன். கோயிலுக்குக் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வருகிறவன் நீ, கல்லறை வேண்டும் என்று அடம்பிடிக்கிறாய். நம் வீட்டில் எல்லாமே தலைகீழ்தான்.

சரி, சுற்றியது போதும். எங்கே போய் நிற்பது என்று கேட்டாய். எழுத ஆரம்பித்தபோது இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருந்தேன். அம்மா கல்லில் என் பெயரையும் வெட்டி வைக்கச் சொல்லலாம், கல்லூரி கேட்டில் போய் நிற்கலாம், டீச்சர் அம்மாவின் மகன் நிற்கவில்லையா, என்றெல்லாம். இப்போது எழுதிப் பார்த்தால் எதுவும் பதிலாகத் தெரியவில்லை. நீ அங்கே அந்நிய ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில், விண்வெளி மாதிரி ஆக்க இரும்புப் பாத்திரத்துக்குள் இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, தகட்டின் மேல் துளிப் பனியை உறைய வைத்து, விளக்கொளி பாய்ச்சி, என்ன உண்டாகிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உலகத்தில் யாருமே இல்லாத காலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அப்படிப்பட்டவனுக்கு வருஷத்தில் ஒரு நாள், இவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று காலை ஊன்றி நிற்க ஒரு சாண் மண் வேண்டும்தான். அதைச் சின்ன ஆசை என்று நான் நினைத்தேன். தப்பு. உன் பாத்திரத்துக்குள் இருக்கிறதை விட அது சின்னது இல்லை.

ஆனாலும் என் ஆசை மாறவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த அஞ்சலை என் கண்ணில் நிற்கிறாள். உன் அம்மாவும் நிற்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அம்மா உன்னிடம் வாக்கு வாங்கிவிட்டாள். நானும் வாங்க மாட்டேன். ஒரே பிள்ளையிடம் அப்பனும் அம்மாவும் எதிரெதிர் வாக்கு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வது நியாயமில்லை. என் ஆசையைச் சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு உனக்கு எது முடிகிறதோ அதைச் செய். அம்மா பக்கத்தில் வைத்தால் நான் ஏமாந்துபோக மாட்டேன், சந்தோஷமாகத்தான் போய்ப் படுப்பேன். கல்லூரிக்குக் கொடுத்தால் அம்மா உன்னைக் கோபிக்க மாட்டாள், கோபமெல்லாம் என்மேல்தான் இருக்கும், அது அவளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு. பிறகு வருஷக்கணக்கில் உட்கார்ந்து, செய்தது சரியா தப்பா என்று உன்னை நீயே அறுத்துக்கொள்ளாதே. அறுத்துப் படிக்கிற வேலையை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு உண்மையில் பயம் வேறு ஒன்றில்தான் இருக்கிறது என்பது இந்த வரிக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. நீ கோபத்திலேயே இருந்து, வராமல் போய்விடுவாயோ என்பதுதான் அது. செய்தி வந்ததும் கிளம்பு. தெருவில் யாராவது நேரமாச்சு, எடுத்துவிடலாம் என்பார்கள். கேட்காதே. ஐஸ் பெட்டியில் நான் காத்திருப்பேன், அந்த வித்தை எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் வேலையில் ஓர் உடலை மாற்றி வைக்கும்போது கால்பக்கம் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், தலைப்பக்கம் பிடிக்கிறவனுக்குத்தான் பக்குவம் வேண்டும். கழுத்துக்கு அடியில் ஒரு கை போகாவிட்டால் தலை பின்னால் தொங்கிவிடும். நீ பிறந்த அன்று உன்னை என் கையில் கொடுத்த நர்ஸ், "கழுத்து, கழுத்து, பாத்துப் புடிங்க" என்று பதறினாள். எனக்கா சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நீ சூடாக இருந்தாய். அதுவரை என் கை அப்படித் தாங்கியதெல்லாம் சில்லிட்ட கழுத்துகள்தான். எங்கே கொண்டுபோவது என்பதை நீ முடிவு செய்துகொள், தம்பி. எங்கே என்றாலும் தலைப்பக்கம் நீ பிடி. கழுத்துக்கு அடியில் கை கொடு.

அப்பா